2000 காம்ரி 2.2: ரைமிங் பெல்ட்டும் வோட்டர் பம்பும் டிரைவ்வேயில் வைத்து மாற்றலாமா?

தகரக்கூரை:

அப்பாவின் கார். 2000ஆம் ஆண்டு காம்ரி, நாலு சிலிண்டர், 2,86,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று கிழமையாக, காரை எடுத்த பிறகு பார்த்தால் வலப்பக்க முன் ரயர் நின்ற இடத்தில் ஒரு சிரட்டை அகலத்துக்குச் சிவப்பு நனைவு. மணந்து பார்த்தேன், இனிப்பு வாடை, எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ற்தான். ரேடியேற்றர் ஹோஸ்கள் காய்ந்துபோய்த்தான் இருக்கின்றன. கீழே படுத்து ரோர்ச் அடித்தால் ரைமிங் கவரின் அடிவிளிம்பில் உப்புப் பூத்தது போலச் சிவப்பாகப் படிந்திருக்கிறது.

ரொறொன்ரோ ஸ்காபரோவில் ஒரு கராஜில் காட்டினேன். பம்ப் போய்விட்டது, பெல்ட்டோடு சேர்த்து 950 டொலர் என்றார்கள். காரை விற்றாலே 2,000 வராது. அப்பா கண் சரியில்லை என்று போன வருடம் கார் ஓடுவதை நிற்பாட்டிவிட்டார். ஆனாலும் விற்கிற கதையை எடுத்தால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்.

பிறேக் பாட், ஒயில், ஒல்ரனேற்றர் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் அசைய வைக்கிற ரைமிங் பெல்ட் பக்கம் கை வைத்ததில்லை. கராஜ் கிடையாது, டிரைவ்வேதான், அதுவும் வீட்டை நோக்கி ஏற்றம். பெல்ட் ஒரு பல் பிசகினால் எஞ்சின் போச்சு என்று எல்லோரும் வெருட்டுகிறார்கள். செய்யலாமா?

பழைய_டிப்போ:

தம்பி, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையும். உம்முடைய எஞ்சின் 5எஸ்-எஃப்ஈ. இதில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் முட்டாது. கார் ரோட்டில் நின்றுவிடும், அவ்வளவுதான். எல்லாக் காருக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன். அதே காலத்து ஹொண்டா சிவிக்கில் பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்துவிடும். முதல்முறை பழகுவதற்கு உம்முடையதைப் போல மன்னிக்கிற எஞ்சின் கிடைப்பது அதிர்ஷ்டம். 2002இல் வந்த அடுத்த நாலு சிலிண்டர் காம்ரிக்கு பெல்ட்டே இல்லை, செயின்.

வோட்டர் பம்பைச் சுழற்றுவதும் அதே பெல்ட்தான். பம்புக்குப் போக பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும், அதனால் இரண்டையும் ஒன்றாக மாற்றுகிறோம். பெல்ட்டோடு, அதைத் தாங்கி ஓட விடுகிற இரண்டு ஐட்லர் புல்லி, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) சீல், கம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) சீல், ஒயில் பம்ப் சீல் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கும். கடைசியாகச் சொன்ன ஒயில் பம்ப் சீல் இந்த எஞ்சினில் ஒழுகுவதற்குப் பெயர்போனது. பத்து டொலர் சாமானுக்காக இரண்டாம் முறை திறந்தவர்களை எனக்குத் தெரியும். பம்ப் ஐசின் என்று பார்த்து வாங்கும், ரொயோட்டாவுக்கே செய்து கொடுக்கிறவர்கள்.

சரிவில் ஜக் அடிக்கக் கூடாது. இதில் பேச்சில்லை. தெரிந்தவர் வீட்டில் சமதரை பார்த்துக் காரைக் கொண்டுபோய், ஜக் ஸ்ராண்ட் வைத்து, பின் ரயருக்குக் கட்டை கொடுத்த பிறகு ஸ்பனரை எடும்.

வேலை எல்லாம் வலப்பக்கச் சில்லு வழியாகத்தான். வலப்பக்க எஞ்சின் மவுண்டைக் கழற்ற வேண்டிவரும். கழற்றுமுன் ஒயில் பானுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்து இன்னொரு ஜக்கால் தாங்கும். பலகை இல்லாமல் வைத்தால் பான் நெளிந்துவிடும். கிராங்க் புல்லியை அதன் வெளி வளையத்தில் நகம் போட்டு இழுக்காதேயும். நடுவில் ரப்பர் இருக்கிறது, பிய்ந்துவிடும். முகத்தில் மறை வெட்டிய இரண்டு துளை இருக்கும், அதில் போல்ட் விட்டு இழுக்கிற புல்லர்தான் சரி.

பழைய பெல்ட் கழலுமுன் கிராங்க் புல்லியின் கீறலை கவரில் உள்ள 0க்கு நேரே கொண்டுவந்து, கம் புல்லியின் துளையும் அதற்குப் பின்னால் உள்ள அடையாளமும் ஒத்திருக்கிறதா என்று பாரும். பிறகு வெள்ளைப் பெயின்ற் பேனையால் உமக்கு விளங்குகிற மாதிரிக் குறி போடும். 1983இல் யாழ்ப்பாணம் கோண்டாவில் பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை எனக்குச் சொல்லித் தந்தது இது: கழற்றும்போது எழுதாதவன் பூட்டும்போது அழுவான்.

மார்க்கம்_மச்சான்:

அண்ணை சொன்ன கம் புல்லித் துளையில்தான் நான் விழுந்தேன். என்னுடையது 99. அந்தத் துளைக்கூடாக, கம் தண்டைப் பிடித்திருக்கிற பேரிங் கப்பில் உள்ள குறி தெரிய வேண்டும். நான் மேலிருந்து குனிந்து பார்த்தேன், ஒத்திருக்கிற மாதிரித்தான் இருந்தது. கண்ணைத் துளையின் மட்டத்துக்குக் கொண்டுபோனால் ஒரு பல் தள்ளி நிற்கிறது. இடம் நெருக்கம், தலை போகாது. பிறகு கைத்தொலைபேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அதற்கு முதல் இரண்டு நாள் அப்படியே ஓடினேன். ஸ்ரார்ட் ஆனது. சிக்னலில் நிற்கும்போது ஸ்ரியரிங் நடுங்கியது. 401 நெடுஞ்சாலையில் ஏறினால் பின்னால் ஆரோ கயிறு கட்டிப் பிடித்திருக்கிற மாதிரி இழுவை இல்லை. மறுபடி கழற்றி ஒரு பல் நகர்த்தினேன், சரியாகிவிட்டது. வேறு எஞ்சின் என்றால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பெல்ட்டுக்குக் காசு கொடுக்குமுன் காரின் பின்பக்கம் கீழே படுத்துப் பாருங்கள். 25 வருடம் ஒன்ராறியோவில் பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பில் ஓடிய கார். பிறேக் குழாய், பெற்றோல் குழாய், சஸ்பென்ஷன் பூட்டியிருக்கிற இடங்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரூ ட்ரைவரால் தட்டிப் பாருங்கள். தகரம் உள்ளே போனால் இந்தப் பெல்ட் யாருக்கு? நல்ல கார் என்றால் செய்யுங்கள். புல்லர் வாங்க வேண்டாம், முற்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகிற உதிரிப்பாகக் கடைகள் இருக்கின்றன.

தகரக்கூரை:

@கணக்குப்பிள்ளை தட்டிப் பார்த்தேன். மேல்கறல் மட்டும்தான். அப்பா ஒவ்வொரு ஐப்பசியும் ஒயில் ஸ்பிறே அடிப்பித்திருக்கிறார், ரசீதுகள்கூட டாஷ்போர்டில் இருக்கின்றன.

சாமான்கள் 240 டொலருக்கு வந்துவிட்டன. மாமா வீட்டுச் சமதரையில் விடிய எட்டு மணிக்குத் தொடங்கினேன். இப்போது பின்னேரம் மூன்று. கிராங்க் போல்ட் அசையவில்லை. அரை அங்குலப் பாரில் மூன்றடிக் குழாய் செருகித் தொங்கினேன், எஞ்சின்தான் சேர்ந்து சுற்றுகிறது. கியர் போட்டுப் பிடிக்கவும் முடியாது, ஒற்றோமற்றிக் கியர். மச்சாள் இரண்டாம் முறை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

பழைய_டிப்போ:

புல்லியைப் பிடித்து வைக்கிற கருவி கிடைத்தால் அதுதான் முதல்தரம். கிடைக்காவிட்டால் ஸ்ராட்டரையே வேலைக்காரன் ஆக்கலாம். எஞ்சின் ஸ்ரார்ட் ஆகி ஓடாதபடி ஈஎஃப்ஐ (பெற்றோல் பாய்ச்சும் அமைப்பு) ஃபியூஸைக் கழற்றும். 19 மி.மீ. சொக்கெட்டை நன்றாக உள்ளே அடித்து, பாரை காரின் முன்பக்கம் நோக்கி நீட்டி, அதன் நுனியைத் தரையில் மரக்கட்டை மேல் ஊன்றும். சில்லுப் பக்கம் நின்று பார்த்தால் இந்த எஞ்சின் வலம் சுற்றும். அப்போது பார் தரையை அழுத்தி நிற்க, போல்ட் இளகிவிடும். திறப்பை ஒரு சொடக்கு நேரம்தான் திருப்ப வேண்டும். அந்த நேரம் பாருக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது, உம்முடைய மச்சாளும்தான். பார் சரியாக ஊன்றவில்லை என்று பட்டால் விட்டுவிடும், நாளைக்குக் கருவியோடு செய்யலாம்.

பூட்டும்போது அந்த போல்ட்டுக்கு 80 அடி-இறாத்தல் இறுக்கம், ஊகத்தில் இறுக்காதேயும். பெல்ட் போட்டதும் ரென்ஷனர் (பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற ஐட்லர் புல்லி) போல்ட்டை அரைச் சுற்று இளக்கி, ஸ்பிரிங்கை அதன் பாட்டுக்கு இழுக்க விடும். நீர் கையால் தள்ளி உதவி செய்ய வேண்டாம். கிராங்கை வலப்பக்கமாக மெதுவாக இரண்டு முழுச் சுற்று. குறிகள் ஒத்துவந்தால் இன்னும் ஒன்றே முக்காலே அரைக்கால் சுற்று, அதாவது 1 7/8. கிராங்க் 0க்கு 45 பாகை முன்னால் நிற்கும். அந்த இடத்தில் வைத்து ரென்ஷனரை 31 அடி-இறாத்தலுக்கு இறுக்கும். மறுபடி இரண்டு சுற்றுச் சுற்றிக் குறியைப் பாரும். சுற்றும்போது எங்கேயாவது பிடித்தால் பலம் கொடுக்காமல் நிற்பாட்டும்.

தகரக்கூரை:

ஒரு சொடக்கு. 'டக்' என்ற சத்தம், போல்ட் கையாலேயே கழன்றுவிட்டது. ஏழு மணித்தியாலம்!

பழைய பம்பைக் கழற்றிக் கையில் எடுத்தால் அச்சு ஆடுகிறது. விரலால் சுற்றினால் மணல் அரைக்கிற மாதிரிக் கரகரப்பு. கீழே உள்ள கசிவுத் துளையைச் சுற்றிப் பல்லில் காரை கட்டினது போல ரோஸ் நிறத்தில் இறுகியிருந்தது. ஒயில் பம்ப் சீலும் ஈரம், அண்ணை சொன்னது சரி. கம் துளையைத் தொலைபேசியில் படம் எடுத்துத்தான் பார்த்தேன். முதல் தடவை ஒரு பல் தள்ளித்தான் நின்றது, மச்சான்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஸ்ரார்ட் ஆனது. நடுக்கம் இல்லை, நனைவும் இல்லை. ஒன்று மட்டும்: வீட்டுக்கு வந்து நிற்பாட்டுமுன் ஹீற்றரைப் போட்டால் குளிர்காற்று வருகிறது. அக்சிலறேற்றரை மிதித்தால் கொஞ்சம் சூடு, விட்டால் திரும்பக் குளிர்.

பழைய_டிப்போ:

உள்ளே காற்று நிற்கிறது. அப்படியே ஓட வேண்டாம், சூடேறிவிடும். இப்போதுதான் உம்முடைய சரிவு டிரைவ்வே உதவும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு காரின் மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நிறுத்தி, ஹான்ட் பிறேக் போட்டுச் சில்லுக்குக் கட்டையும் கொடும். ரேடியேற்றர் மூடியைத் திறந்து, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, ஸ்ரார்ட் பண்ணி விடும். குமிழி வரவர கூலன்ற் இறங்கும், ஊற்றிக்கொண்டே இரும். சூடான எஞ்சினில் மட்டும் மூடியைத் திறக்கக் கூடாது. கழற்றிய பழைய கூலன்றை வாளியோடு வெளியே விட வேண்டாம். இனிப்பு என்று நாயோ பூனையோ குடித்தால் செத்துவிடும்.

தகரக்கூரை:

இருபது நிமிடம் குமிழி வந்தது, ஒன்றரை லீற்றர் உள்ளே போனது. இப்போது ஹீற்றர் கொதிக்கிறது. அப்பா முன் சீற்றில் இருந்து ஜன்னலைத் திறந்துவிடச் சொல்கிறார்.