பாய்லர் பக்கம் நின்றவர்கள் வாருங்கள்: இன்னும் மறக்க முடியாத ஒரு சம்பவம்

தட்டாஞ்சாவடி ஷெட்:

பொங்கலுக்கு முன்னால் நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். பழைய நீராவி ரோட் ரோலரை எங்கே பிடித்தோம், துருவை எப்படிச் சுரண்டினோம் என்பதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குப் பழகிய கதை, விடுங்கள். அவெலிங் அண்ட் போர்ட்டர் கம்பெனி வண்டி, பத்து டன். பாய்லர் டியூப் முழுக்கப் புதுசு, தண்ணீர் அழுத்தச் சோதனை முடிந்து சான்றிதழும் வந்துவிட்டது. சவுக்குக் கட்டை போட்டு நூறு பவுண்டு அழுத்தம் ஏற்றி, ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் பின் சக்கரத்தை ஒட்டி நடந்து வந்தேன். தரை முழுக்கக் கருங்கல் ஜல்லி. வண்டி குலுங்குகிறது, சாம்பல் விழும் ஆஷ் பான் கடகடக்கிறது, கொக்கியில் தொங்கும் எண்ணெய்க் குவளை ஊசலாடுகிறது. பாய்லர் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயான வாட்டர் கிளாஸில் மட்டும் பாதிக்கு மேல் தண்ணீர், கோடு கிழித்த மாதிரி அப்படியே நிற்கிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்திருந்தோம். ஷெட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக்கூட வைக்காமல் "டேய், தண்ணி ஆடல, நிறுத்து" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். வந்ததும், பாய்லர் மட்டத்தை நேராகச் சோதிக்கும் டெஸ்ட் காக் என்ற சின்னக் குழாய்களில் கீழே உள்ளதைத் திறந்தார். தண்ணீர் பீச்ச வேண்டிய இடத்தில் நீராவி சீறியது. காக்கின் வாயில் ஒன்றுமே தெரியவில்லை, சற்றுத் தள்ளித்தான் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெற்றிடம்தான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஈரச் சாம்பலை அள்ளித் தீயை மூடி, காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டாம்பரை அடைத்து, எங்கள் எல்லாரையும் ரோட்டுப் பக்கம் விரட்டினார். வண்டியை இம்மி நகர்த்த விடவில்லை. தண்ணீர் குறைந்தால் உருகி எச்சரிக்கும் ஈய அடைப்பான லெட் பிளக் உருகவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆறிய பிறகு கழற்றிப் பார்த்தால், கண்ணாடிக் குழாயைக் கடையில் அரை விரல் குட்டையாக வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நட்டை இறுக்கும்போது ரப்பர் வாஷர் பிதுங்கி அடிவாயை மூடிவிட்டது. மேல் வழியாக வந்த நீராவி குளிர்ந்து சேர்ந்த தண்ணீரைத்தான் பாய்லர் மட்டம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்படி வேறு யாருக்காவது ஆனதுண்டா?

உமி அடுப்பு:

தம்பி, அந்தப் பெரியவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் தீயை மூடி வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் காலத்தில் தண்ணீர் போய்விட்டது என்றால் முதல் வேலை தீயை வெளியே இழுத்துப் போடுவதுதான்.

என் கதை அரிசி ஆலையில். நெல்லிக்குப்பம் பக்கம், ஆலை பெயர் வேண்டாம். உமியில் எரியும் பழைய கார்னிஷ் பாய்லர், உள்ளே ஒரு பெரிய குழாயே அடுப்பு. நான் சேர்ந்த புதிதில் கரி சுரண்ட ஃபர்னேஸுக்குள் டார்ச்சோடு தவழ்ந்து போனேன். மல்லாந்து படுத்து மேலே வெளிச்சம் அடித்தேன். லெட் பிளக் இருந்தால் பித்தளை வளையமும் நடுவே சாம்பல் நிறத்தில் ஈயமும் தெரிய வேண்டும். அங்கே தெரிந்தது ஆறு பட்டை இரும்பு போல்ட்டுத் தலை. மேஸ்திரியைக் கேட்டால், "அது அடிக்கடி உருகி வேலை கெடுதுய்யா, அதான் போல்ட் போட்டாச்சு" என்கிறார்.

ஈயம் 327 டிகிரியில் உருகும். 150 பவுண்டு அழுத்தத்தில் பாய்லர் தண்ணீர் 185 டிகிரிதான். மேலே தண்ணீர் நிற்கும்வரை அந்த ஈயம் உருக வழியே இல்லை. அடிக்கடி உருகியது என்றால் அடிக்கடி தகடு காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தகட்டுக்குக் கீழேதான் நான் படுத்திருந்தேன். சரியான பிளக் வரும்வரை தீ மூட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பிளக் போட்ட பிறகுதான் திரும்பப் போனேன்.

கேப்பர்மலை:

என் அப்பா சாலை வேலையில் ரோலர் ஓட்டியவர். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். மற்றதெல்லாம் மறந்துபோச்சு, ஒன்று மட்டும் நிற்கிறது.

கேப்பர் மலையிலிருந்து கடலூர்ப் பக்கம் இறங்க வேண்டும். உச்சியில் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, பாய்லருக்குள் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டரைப் போட்டார். ஓவர்சியர் சைக்கிளை நிறுத்தி, நேரமாகிறது என்று சத்தம் போடுகிறார். அப்பா பதிலே பேசவில்லை, வாட்டர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் கண்ணாடிக்கு மேல் ஏறிய பிறகுதான் வண்டியை நகர்த்தும் ரெகுலேட்டரில் கை வைத்தார். சரிவில் மூக்கு கீழே போனதும் அந்த முக்கால் கண்ணாடி அப்படியே இறங்கி அடியில் ஒரு விரல் தண்ணீராக நின்றது. எனக்கு வயிறு கலங்கியது. சமதளத்துக்கு வந்ததும் பழையபடி ஏறிக்கொண்டது.

தீ எரியும் ஃபயர் பாக்ஸ் பின்னால் இருக்கிறது, இறக்கத்தில் தண்ணீர் முன்னால் ஓடிவிடும், அதன் மேல் தகடான கிரவுன் ஷீட் வெறுமையாகிவிடும் என்று வீட்டுக்கு வந்து தட்டில் ரசத்தைச் சாய்த்துக் காட்டினார். புதுச்சேரி, கடலூர் எல்லாம் தட்டைத் தரைதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். லாரியில் ஏற்றி இறக்கும் பலகையும் சரிவுதான். தீ போட்டு வண்டியை லாரியில் ஏற்றுகிறவர்கள் அங்கேதான் கவனிக்க வேண்டும்.

முதலியார்பேட்டை:

உமி அடுப்பு ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனால் தீயை இழுத்துப் போடும் பேச்சை அப்படியே விட முடியாது. கனன்று கிடக்கும் தீயைக் கிளறினால் முதலில் இன்னும் எரியும். அந்த நேரத்தில் வெப்பம் கூடும், குறையாது. அதோடு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழுத்துப்போன தகட்டுக்கு நேர் எதிரே ஒரு ஆள் கம்பியோடு நிற்க வேண்டும். அந்த ஆளை யார் அனுப்புவது? ஈரச் சாம்பல், ஈர மண், எது கைக்கு எட்டுகிறதோ அதைப் போட்டு மூடி டாம்பரை அடைத்துவிட்டு விலகிப்போவதுதான் சரி. பெரியவர் செய்தது அதுதான். தண்ணீரை ஊற்றி அணைக்கவும் கூடாது, இன்ஜெக்டரைப் போடவும் கூடாது, சேஃப்டி வால்வைக் கையால் தூக்கவும் கூடாது. அழுத்தம் திடீரென்று இறங்கினால் உள்ளே தண்ணீர் பொங்கிப் போய் காய்ந்த தகட்டில் விழும்.

2001 ஜூலை 29 அன்று அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து மெடினாவில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். கண்காட்சிக்கு வந்த, Case என்ற கம்பெனி செய்த டிராக்ஷன் இன்ஜின், அதாவது நீராவியில் ஓடும் இழுவை வண்டி. தண்ணீர் குறைந்து, கிரவுன் ஷீட் கிழிந்து வெடித்தது. 5 பேர் இறந்தார்கள். நம் ரோலரும் அதே வகைப் பாய்லர்தான், முன்னால் சக்கரத்துக்குப் பதில் உருளை, அவ்வளவுதான். தண்ணீர் நீராவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். 2020 இல் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தபோது நம் பக்கத்து வீடுகள் எப்படிக் கலங்கின என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

என் சொந்த அனுபவம் சின்னது. ஒரு ரோலரில் பிரஷர் கேஜ் முள் 60 இல் சிக்கி நின்றது, சேஃப்டி வால்வு தானாகத் திறந்து கத்திய பிறகுதான் தெரிந்தது. அந்தச் சத்தம் கேட்ட நாளிலிருந்து, சோதித்த இரண்டாவது கேஜ் இல்லாமல் எந்த வண்டிப் பக்கமும் நான் நிற்பதில்லை.

உமி அடுப்பு:

முதலியார்பேட்டை தம்பி, உமித் தீ வேறு, கட்டைத் தீ வேறு. உமி இரண்டு தள்ளில் வெளியே வந்துவிடும். கட்டைத் தீக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கதவுக்கு எதிரே ஆளை நிறுத்தக் கூடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

துள்ளும் குதிரை:

நான் ஓட்டியவள் இல்லை. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே பழைய இரும்புக் கடை. ஒருநாள் காலை ரோலர் ஒன்றை இழுத்துவந்து போட்டார்கள், மதியத்துக்குள் கேஸ் கட்டர் வைத்துவிட்டார்கள். முன்பக்கம் பித்தளையில் பின்னங்காலில் நிற்கும் குதிரை. கட்டர் பிடித்திருந்த பையன், யாரும் சொல்லாமலே, முதலில் நான்கு போல்ட்டையும் பொறுமையாகக் கழற்றிக் குதிரையை எடுத்துத் துணியில் சுற்றித் தனியாக வைத்தான். அப்புறம்தான் தீப்பொறி பறந்தது. அது இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்துக் குதிரை, அவெலிங் கம்பெனி இருந்த ராசெஸ்டர் அங்கேதான் என்று பின்னால் படித்தேன். அந்தப் பையனுக்கு அதெல்லாம் தெரிந்திருக்காது. குதிரையை யார் வாங்கினார்கள் என்று இன்றும் யோசிக்கிறேன். இங்கே யாரிடமாவது இருந்தால் ஒரு படம் போடுங்கள்.

வில்லியனூர் ஃபிட்டர்:

என் அனுபவம் இரண்டே வரி. ஒரு ரோலரில், பாய்லரைக் கழுவத் திறக்கும் வாஷ் அவுட் பிளக்கைக் கழற்றினேன், ஓட்டை திறக்கவில்லை. பிளக் வெளியே வந்த பிறகும் உள்ளே சுண்ணாம்புச் சுவர் நின்றது, உளி வைத்துத் தட்டித்தான் உடைத்தேன்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாரும் கண்ணாடியில் எவ்வளவு தண்ணீர் என்றே பேசுகிறீர்கள், என்ன தண்ணீர் என்று ஒருவரும் பேசவில்லை. கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு ஏறிக் கிடக்கிறது. அதை ஊற்றினால் பாய்லருக்குள் நுரைத்துப் பொங்கும், பொங்கிய தண்ணீர் சிலிண்டருக்குப் போனால் பிஸ்டன் கவர் உடையும். சுண்ணாம்பு கிரவுன் ஷீட்டில் படிந்தால் தண்ணீர் மேலே இருந்தும் தகடு காயும். லெட் பிளக்கின் தலையில் படிந்தால் அதைவிட மோசம். ஈயம் உருகினாலும் மேலே படிவு மூடி நிற்கும், நீராவி வெளியே வராது, உங்களுக்கு எச்சரிக்கையே கிடைக்காது. அதனால் மொட்டை மாடி மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் நமக்குக் கிடைப்பது போதும். ஓட்டிய அன்றைக்கே, அடி வால்வைத் திறந்து சேற்றுத் தண்ணீரை வெளியேற்றும் ப்ளோ டவுன் விடுங்கள். சீசன் முடிந்ததும் எல்லாப் பிளக்கையும் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மூடுங்கள். அரை ஈரத்தோடு விட்டால் அடித் தகடு உள்ளிருந்தே குழிகுழியாக அரித்துவிடும், வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். அல்ட்ராசோனிக் மீட்டரில் தடிமன் பார்க்கும்போது பளபளப்பான இடத்தை விட்டுவிட்டு, சேறு தங்கும் அடி வரிசையையும் தகடுகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே போல்ட் ஓரங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு. பண்ருட்டியில் மலிவாகக் கிடைக்கிறது என்று முந்திரி ஓட்டைப் போட்டு எரிக்காதீர்கள். அதன் எண்ணெய் டியூப் முழுக்கப் பிசினாக ஒட்டும், புகை தோலைப் புண்ணாக்கும். பழைய பாய்லருக்கு மேல் சுற்றியிருக்கும் வெள்ளைப் பஞ்சு போன்றதைக் கையால் பிய்க்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், நனைத்து, முகமூடி போட்டு, விவரம் தெரிந்தவரை வைத்து எடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே வேண்டாம்.

தட்டாஞ்சாவடி ஷெட்:

ஃபிட்டர் அண்ணே, நாங்கள் போர் தண்ணீர்தான் ஊற்றிவந்தோம், தொட்டி கட்டுகிறோம். கண்ணாடிக் குழாயை இப்போது நாங்களே அளந்து வெட்டுகிறோம். தீ மூட்டும் முன்னும் ஓட்டும்போதும் கண்ணாடிக் குழாயின் மேல் காக், கீழ் காக் இரண்டையும் மாற்றி மாற்றி மூடித் திறந்து, தண்ணீர் சட்டென்று திரும்பி ஏறுகிறதா என்று பார்க்கப் பெரியவர் ஒரு பையனைப் பழக்கியிருக்கிறார்.

இன்னொரு கேள்வி. கடலூரில் ஒரு மார்ஷல் கம்பெனி ரோலர் விலைக்கு வருகிறது. தமிழ்நாட்டுப் பதிவு எண் பாய்லரில் வெட்டியிருக்கிறது, சான்றிதழ் இன்னும் காலாவதி ஆகவில்லை என்கிறார்கள். அப்படியே இங்கே புதுச்சேரிக்குக் கொண்டுவந்து தீ போடலாமா?

முதலியார்பேட்டை:

போடக் கூடாது. முள்ளோடை எல்லையைத் தாண்டினால் அரசு வேறு. 1923 ஆம் ஆண்டு பாய்லர் சட்டத்திலேயே, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோன பாய்லரை அதை முறைப்படி தெரிவிக்கும்வரை ஓட்டக் கூடாது என்று இருந்தது. இப்போது 2025 ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது, புது விதி என்ன கேட்கிறது என்று புதுச்சேரி பாய்லர் ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிவுப் புத்தகத்தை விற்கிறவரிடமிருந்து அசலாகவே வாங்குங்கள், நகலை வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதில் பழைய ரிப்பேர், தகடு ஒட்டுப்போட்டது எல்லாம் எழுதியிருக்கும். போகும்போது பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், லெட் பிளக்கை அங்கேயே கழற்றிப் பார்க்கட்டும்.

உமி அடுப்பு:

பிளக்கைப் பார்க்க நானும் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் சௌகரியம், செம்மண்டலம் பஸ் நிறுத்தத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.