சஃபிரின் என்ற கனிமத்துக்கு: நீலநிகரி

குழுவினருக்கு வணக்கம்.

சஃபிரின் என்ற கனிமத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசும் இந்த இழையில் இதுவரை மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன: நீலக்கல், நீலப்போலி, அப்புறம் சஃபிரின் என்றே எழுதிவிடுவது. மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

> நீலக்கல் என்றே வைத்தால் என்ன? பார்க்க நீலமாகத்தானே இருக்கிறது?

வேண்டாம் ஐயா. நான் சேலத்துக்காரன். இங்கிருந்து கரூர், காங்கேயம் பக்கம் போனால் கல் வியாபாரிகள் நீலம் என்று சொல்வது குருந்தத்தின் நீல வகையைத்தான். அது அலுமினிய ஆக்சைடு. கடினம் பத்துக்கு 9, ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 4. நாம் பேசுவது மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த சிலிக்கேட், கடினம் 7.5, ஒப்படர்த்தி ஏறக்குறைய 3.5. பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த சித்தம்பூண்டியில் குருந்தம் உண்டு என்பதால் இந்தக் குழப்பம் எங்களுக்கு ஏட்டளவில் மட்டும் வருவதல்ல. காட்டில் நீலத் துணுக்கு ஒன்றைக் கண்டெடுத்தவர், நம் சொல்லை நம்பி அதை நவரத்தினம் என்று நினைத்து அலையக் கூடாது. தவிர, இந்தக் கனிமம் எப்போதும் நீலமாக இருப்பதில்லை. பச்சை, ஊதா, இளஞ்சிவப்பிலும் கிடைக்கிறது.

> அப்படியானால் நீலப்போலி?

போலி என்றால் மக்கள் காதில் ஏமாற்று என்றுதான் விழும். இந்தக் கனிமத்துக்கு அந்தப் பெயர் அநியாயம். 1819-லேயே கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்த மாதிரிகளை வைத்து இதற்குப் பெயரிட்டுவிட்டார்கள். அழகுக்காக இதைத் தேடுபவர்கள் குறைவு. நிலத்தின் ஆழத்தில் எவ்வளவு வெப்பம் இருந்தது என்று தெரிந்துகொள்ளவே பலரும் தேடுகிறார்கள். ஒரு பாறையில் இதுவும் குவார்ட்ஸ் என்ற கனிமமும் ஒன்றையொன்று தொட்டபடி, ஒரே சமயத்தில் உருவானவையாக இருந்தால், அந்தப் பாறை 900 டிகிரி செல்சியசுக்கும் மேல் வெந்திருக்கிறது என்று பொருள். வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிய சாதாரண உருமாற்றப் பாறைகள் அந்த வெப்பத்தை எட்டுவதில்லை. நம் பழனி மலையிலும் அதன் அடிவாரத்துக் கெங்குவார்பட்டியிலும் கிடைக்கும் பாறைகள் உலக அளவில் ஆய்வுக்கு வந்ததற்கு இந்தக் கனிமமும் ஒரு காரணம். அங்கே இது கார்னெட், சில்லிமனைட், கார்டியரைட் என்ற கனிமங்களோடு பின்னிக் கிடக்கிறது. பல சமயம் கண்ணுக்குத் தெரியாது. பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், மேடையைத் திருப்பத் திருப்ப நீலம் வெளிறுவதும் கூடுவதும் தெரியும். இதற்குப் போய்ப் போலி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சேர்வராயன் மலையில் இது கிடைக்குமா என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் வெட்டுமுகமாகத் தெரிகிற கரும்பாறை சார்னோக்கைட். அதுவும் கடும் வெப்பத்தில் உருவானதுதான். ஆனால் வெப்பம் மட்டும் போதாது. மக்னீசியமும் அலுமினியமும் மிகுந்த பாறையாக இருக்க வேண்டும். குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் நிறைந்த சாதாரண சார்னோக்கைட் அதற்கு ஏற்றதல்ல.

> சஃபிரின் என்றே எழுதலாம். கனிமப் பெயர்கள் உலகப் பொதுவானவை.

பாதி சரி. சார்னோக்கைட் ஜாப் சார்னோக் என்ற மனிதரின் பெயரால் வந்தது. அப்படிப்பட்டதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஆட்பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். சஃபிரின் அப்படி அல்ல, நீலமணியை ஒத்தது என்ற பொருளுள்ள பெயர். பொருள் இருக்கும் இடத்தில் தமிழ்ச் சொல்லுக்கு இடம் உண்டு. மேக்னசைட்டை எங்கள் ஊரில் வெள்ளைக்கல் என்கிறார்கள், மைக்காவைக் காக்காப்பொன் என்கிறார்கள். அந்தச் சொற்கள் யார் வாயிலும் சிக்கவில்லை.

என் சொல் நீலநிகரி. நிகர் என்பது ஒத்ததைக் குறிக்கும். போலியில் இருக்கும் இழிவு அதில் இல்லை. கல் என்று முடியாததால் பாறையா கனிமமா என்ற மயக்கமும் வராது. வேற்றுமை உருபு ஏற்பதிலும் தொல்லை இல்லை: நீலநிகரியின் நிறம், நீலநிகரியும் குவார்ட்சும், நீலநிகரிப் பாறை. மற்ற நிறங்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பச்சை நீலநிகரி என்று சொல்லும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது, ஆனால் மூலப்பெயரிலும் அதே உறுத்தல் இருக்கிறது. முதல் சில ஆண்டுகளுக்குக் கட்டுரைகளில் முதலில் வரும் இடத்தில் மட்டும் 'சஃபிரின் எனப்படும் நீலநிகரி' என்று எழுதினால் போதும்.

பதிவுக்கு இந்த வரைவு:

நீலநிகரி: மக்னீசியம், அலுமினியம் மிகுந்த அரிய சிலிக்கேட் கனிமம், மிகு வெப்பத்தில் உருமாறிய பாறைகளில் காணப்படுவது, பெரும்பாலும் நீலம், குருந்தத்தின் நீல வகையான நீலமணியிலிருந்து வேறானது.

கடைசித் தொடரை மட்டும் யாரும் எடுத்துவிட வேண்டாம். மற்றதைத் திருத்தி அனுப்புங்கள்.