அறிவுசார் குறைபாடுள்ள மகளின் கைநாட்டை வைத்து விடுதலைப் பத்திரம் எழுதலாமா?

கேள்வி – பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 71. அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர், உயில் எதுவும் எழுதாமல் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவர் தம் சம்பளத்தில் வாங்கிய இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு அவர் பெயரிலும், நாங்கள் குடியிருக்கும் வீடு என் பெயரிலும் உள்ளன. மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறான். மகளுக்கு வயது 38. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உடையவள். தானே உண்பாள், உடுத்துவாள், என்னுடன் கோயிலுக்கு வருவாள். ஆனால் பணத்தின் மதிப்போ, ஒரு கையெழுத்தின் பொருளோ அவளுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் மகன் பெயருக்கு மாற்றிவிட்டால் அவன் தங்கையைப் பார்த்துக்கொள்வான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வீட்டுக்கு ஒரு தான செட்டில்மென்ட்டும், தோப்புக்கு என் கையெழுத்தும் மகளின் கைநாட்டும் வைத்து, எங்கள் பங்கை மகனுக்கு விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரமும் போதும் என்று பத்திரம் எழுதுபவர் கூறுகிறார். மகன்மீது எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனாலும், என்ன நடக்கிறது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளையின் விரலைப் பிடித்து மையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இது சரியான வழிதானா?

பதில் 1 – தருமபுரியில் வழக்கறிஞர்

அம்மா, உங்கள் தயக்கம் சரியானது. அந்தக் கைநாட்டு சட்டத்தின் முன் நிற்காது. தான் செய்வது இன்னதென்று புரிந்துகொள்ள இயலாத ஒருவர் செய்யும் ஒப்பந்தம், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அது பதிவாகிவிட்டாலும், பின்னாளில் தோப்பை விற்கவோ அடமானம் வைக்கவோ போகும்போது உங்கள் மகனுக்கே அது வில்லங்கமாக வந்து நிற்கும்.

தோப்பு உங்கள் கணவரின் சுயசம்பாத்தியம் என்பதாலும், அவர் உயில் எழுதவில்லை என்பதாலும், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மகன், மகள் மூவருக்கும் அது சம பங்காகச் சேர்ந்துவிட்டது (அவருடைய தாயார் அப்போது உயிருடன் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு). நோயோ குறைபாடோ காரணமாக ஒருவரின் வாரிசுரிமை பறிபோகாது என்று அச்சட்டத்தின் 28ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆகவே மகளின் பங்கை அவள் பெயரிலேயே விட்டுவிட்டு, மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்குங்கள். இதனால் மகனுக்கு இழப்பு என்று யாரேனும் சொன்னால் அதுவும் சரியன்று: மகளுக்குப் பிள்ளைகள் இல்லாத நிலையில், தந்தைவழி வந்த அவளது பங்கு அவள் காலத்துக்குப் பின் தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும்.

வீட்டை இப்போதே மகனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மகன் நல்லவர் என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நல்லவர்களுக்கும் கடன் வரும், விபத்தும் வரும். அவர் தங்கைக்கு முன்பே காலமாக நேர்ந்தால், அந்த வீட்டில் அவருடைய மனைவி மக்களுக்குப் பங்கு வந்துவிடும். உங்களுக்கும் அவருக்கும் இடையில் இருந்த வாய்மொழி அவர்களைக் கட்டாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இருக்கிறதே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்த முதியவர், அது மீறப்பட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கானது. நீங்கள் இல்லாத காலத்தில் மகளுக்கு அது உதவாது.

அதனால் வீட்டையும் தோப்பில் உங்கள் பங்கையும் உயிலில் கொண்டுவாருங்கள். மகள் உயிருள்ளவரை அவளுடைய உணவு, மருத்துவம், இருப்பிடம் ஆகியவற்றுக்காக அவை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்க வேண்டும், அதன்பின் மகனுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ சேர வேண்டும் என்று எழுதலாம். சாட்சிகள் இருவர், உங்களைவிட இளையவர்களாக இருப்பது நல்லது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. உங்கள் நிலையில் நான் பதிவு செய்யவே சொல்வேன்.

பதில் 2 – காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தந்தை

வணக்கம் அம்மா. என் மகனுக்கு மூளை முடக்குவாதம். இப்போது 26 வயது. பெற்றவன் நானிருக்க வேறு பாதுகாவலர் எதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவனுக்கு 18 வயது முடிந்த பிறகு, அவன் பெயரிலிருந்த வைப்புத்தொகையை எடுக்கப் போனபோது, நான் சட்டப்படி அவனுடைய பாதுகாவலர் அல்லன் என்று வங்கியில் சொன்னார்கள். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பேச்சே வரவில்லை.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு, 18 வயதுக்குப் பின் பாதுகாவலரை நியமிப்பது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழு. நீதிமன்றம் செல்லத் தேவையில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். ஆணை கையில் வரச் சில மாதங்கள் ஆயின. பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கையும் குழுவிடம் கொடுக்க வேண்டும். முதலில் அது எனக்குச் சுமையாகத் தோன்றியது. நாளை என் இடத்தில் வேறொருவர் இருக்கும்போது, என் மகனுக்காகக் கணக்குக் கேட்க ஓர் இடம் உண்டு என்று எண்ணியபின் அந்த எண்ணம் மாறிவிட்டது.

பணத்தை நிர்வகிப்பவரும் பிள்ளையை உடனிருந்து பார்ப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டாம் என்பது என் அனுபவம். எங்கள் காலத்துக்குப் பின் என் தங்கையைப் பாதுகாவலராகவும், மூத்த மகனையும் ஒரு குடும்ப நண்பரையும் பண நிர்வாகத்துக்கும் எண்ணி வைத்திருக்கிறோம். ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்; மகளை அதில் சேர்க்கவில்லையென்றால் உடனே சேர்த்துவிடுங்கள்.

பதில் 3 – ஓய்வு பெற்ற கருவூலப் பணியாளர்

குடும்ப ஓய்வூதியத்தை யாரும் சொல்லவில்லையே. இப்போது அதைப் பெறுவது நீங்கள். உங்களுக்குப் பின், சுயமாகச் சம்பாதிக்க இயலாத அறிவுசார் குறைபாடுள்ள மகளுக்கு அது வாழ்நாள் முழுவதும் தொடரத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் இடமுண்டு. மருத்துவச் சான்றும் பாதுகாவலர் ஆணையும் கேட்பார்கள். நீங்கள் இருக்கும்போதே கருவூலத்துக்குச் சென்று மகளின் விவரத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். தாயார் மறைந்தபின் சான்றுகளுக்காக அலைந்த பல குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் நன்றி. நேற்றிரவு மகனுக்குப் படித்துக் காட்டினேன். விடுதலைப் பத்திரம் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். திங்கட்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் செல்கிறோம். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: பாதுகாவலராக இப்போது என் பெயரைக் கொடுப்பதா, மகன் பெயரையா?

தருமபுரியில் வழக்கறிஞர்

மகன் பெயரைக் கொடுங்கள், அம்மா. தமக்கு விருப்பமான ஒருவரை நியமிக்கக் கோரிப் பெற்றோர் விண்ணப்பிக்கத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 14ஆவது பிரிவே இடமளிக்கிறது. 71 வயதில் உங்கள் பெயருக்கு ஆணை வாங்கினால், உங்களுக்குப் பின் அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆனால் உயிலில் எழுதும் அறக்கட்டளைப் பொறுப்பில் அவரைத் தனியாக விடாமல், உங்கள் உடன்பிறந்தார் வழியில் நம்பிக்கையான இன்னொருவரையும் சேருங்கள்.