ஃப்ளை ஆஷ் ஏற்றுமதி: ஷிப்பிங் பில்லில் 26211000-ஆ, 26219000-ஆ?

கரிச்சாம்பல்:
தூத்துக்குடியிலிருந்து துபாய் ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலைக்கு ஜம்போ பையில் உலர் ஃப்ளை ஆஷ் போகிறது. அனல்மின் நிலையச் சாம்பல்தான். ஏஜென்ட் தந்த ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதிப் படிவம்) வரைவில் சரக்குக் குறியீடு 26211000, சரக்கு விவரம் வெறும் 'ஆஷ்'. வாங்குபவர் கேட்பது ஏ.எஸ்.டி.எம். சி618 (கான்கிரீட்டில் சேர்க்கும் ஃப்ளை ஆஷுக்கான அமெரிக்கத் தரம்), எஃப் வகை. குறியீடு சரியா? சோதனை அறிக்கையில் எதைப் பார்க்கணும்?

சுங்கமேசை:
சார், பில் போடும் முன்னால் மாற்றச் சொல்லுங்க. 26211000 நகராட்சிக் குப்பையை எரித்த சாம்பலுக்கு. நிலக்கரிச் சாம்பலும் உமிச்சாம்பலும் 26219000. முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான், அதனால் இங்கே விழுந்த தப்பு துபாயிலும் அப்படியே நிற்கும்.

கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசெல் உடன்படிக்கையில் வீட்டுக்குப்பை எரித்த மிச்சத்துக்கு ஒய்47 என்று பெயர். இறக்குமதி செய்யும் நாடு முன்கூட்டி எழுத்தில் சம்மதித்தால்தான் கப்பலேற்றலாம். நிலக்கரி ஃப்ளை ஆஷ் ஒன்பதாம் இணைப்பில் பி2050. நச்சுக் கலப்பு இல்லாதவரை அந்தச் சம்மதம் தேவையில்லை. இந்தக் கெடுபிடி நியாயமானதுதான். 1986-ல் ஃபிலடெல்ஃபியா எரியுலைச் சாம்பல் சுமார் 14,000 டன்னோடு கிளம்பிய கியான் சீ கப்பல், ஹைட்டி கரையில் சுமார் 4,000 டன்னை உரம் என்று சொல்லிக் கொட்டியது.

விவரத்தில் 'உலர் நிலக்கரி ஃப்ளை ஆஷ், இ.எஸ்.பி.-யில் பிடித்தது, எஃப் வகை' என்று முழுசாக எழுதுங்க. (இ.எஸ்.பி. என்பது புகையிலிருந்து சாம்பலை மின்சாரத்தால் பிடிக்கும் கருவி.) இன்வாய்ஸ், பி.எல். (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), சோதனை அறிக்கை மூன்றிலும் ஒரே வாசகம் இருக்கணும்.

கான்கிரீட்லேப்:
சி618 எஃப் வகைக்கு எரியிழப்பு (சூடாக்கும்போது எரிந்து குறையும் எடை) அதிகபட்சம் 6%, எஸ்ஓ3 (சல்ஃபர் ட்ரையாக்சைடு) 5%, ஈரம் 3%, 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34%. எரியிழப்பு எத்தனை டிகிரியில் எடுத்தது என்று அறிக்கையில் பாருங்க. ஏ.எஸ்.டி.எம். முறையில் 750, ஐரோப்பிய முறையில் 950. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. எரியாத கரி அதிகமானால் கான்கிரீட்டில் காற்றுக்குமிழி சேர்க்கும் அட்மிக்சரை (கலவை ரசாயனத்தை) அது உறிஞ்சிவிடும். லோடுக்கு லோடு கான்கிரீட் மாறும்.

இன்னொன்று, உலையில் நிலக்கரியோடு குப்பையும் எரித்திருந்தால் சி618 அதை ஃப்ளை ஆஷ் என்றே ஏற்காது. எரிபொருள் என்ன என்று மின்நிலையத்திடம் எழுத்தில் வாங்கி வைங்க.

கரிச்சாம்பல்:
நன்றி. குளத்துச் சாம்பலை (தண்ணீரோடு கலந்து குளத்தில் தள்ளிய சாம்பல்) உலர்த்திக் கலந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

கான்கிரீட்லேப்:
ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் தேய்ங்க. இ.எஸ்.பி. சாம்பல் முகப்பவுடர் மாதிரி வழுக்கும், குளத்துச் சாம்பல் நறநறக்கும். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால் கருப்புக் குறுணை சட்டென்று அடியில் இறங்கும். இது முதல் சந்தேகத்துக்கு மட்டும். முடிவு சொல்வது 45 மைக்ரான் ஈரச்சல்லடை: 1 கிராம் சாம்பல், ஒரு நிமிடம் தண்ணீர்ப் பீச்சல், உலர்த்தி எடை. மாதிரியை ஒரே பையில் எடுக்காதீங்க. இ.எஸ்.பி.-யில் புகை வரிசையாகக் கடக்கும் புலங்களில் (பகுதிகளில்) முதல் புலத்தில் விழுவது பருமன், பின்புலங்களில் நைசு. பை எந்த ஹாப்பரில் (சாம்பல் விழுந்து சேரும் புனல் தொட்டியில்) நிரம்பியதோ அதைப் பொறுத்து எண் மாறும்.

பெட்டிக்கட்டு:
பை பற்றி. 20 அடிக் கன்டெய்னர் பெட்டியில் தரையில் 10, மேலே 10, பைக்கு சுமார் 1 டன். புதிதாக ஊதி நிரப்பிய சாம்பலில் காற்று இருக்கும். பை உப்பி நிற்கும், பிறகு அமுங்கித் தளரும், மேலடுக்கு சாயும். பாதி நிரப்பி, அதிரவைத்து, மீதியை நிரப்புங்க. உள் லைனரின் (பைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையின்) கழுத்தை முறுக்கி மடித்துக் கட்டணும். பெட்டிக் கூரை வியர்த்துச் சொட்டினால் சாம்பல் கட்டிதட்டிவிடும். அங்கே ஊதுகுழாயில் ஏறாது, சைலோவுக்குப் (சேமிப்புக் கோபுரத்துக்கு) போகாது.