ஆஸ்டர்: உழைத்து உயர்ந்தவரா, ஊரை அடித்து உலையில் போட்டவரா?

படித்துறை:
நியூயார்க்கில் ஆஸ்டர் பிளேஸ் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால், சுவரில் பீவர் என்ற ஆற்றோரப் பிராணி ஒன்று மரத்தைக் கொறித்துக்கொண்டிருக்கும். பீங்கான் புடைப்புச் சிற்பம். அந்த இடத்துக்குப் பெயர் தந்த ஜான் ஜேக்கப் ஆஸ்டர் முதலில் காசு பார்த்தது இந்தப் பிராணியின் தோலில்தான். 1763இல் ஜெர்மனியின் வால்டார்ஃபில் கறிக்கடைக்காரர் மகனாகப் பிறந்தார். லண்டனில் அண்ணனோடு சேர்ந்து இசைக்கருவித் தொழில். 1784இல் அமெரிக்காவுக்கு வந்தபோது விற்பதற்குச் சில புல்லாங்குழல்களைக் கொண்டுவந்தார். 1848இல் இறந்தபோது சொத்து சுமார் 2 கோடி டாலர். அந்த நாட்டிலேயே அன்று அவர்தான் பெரும் பணக்காரர். எங்கே பார்த்தாலும் அவரைத் திட்டியே எழுதுகிறார்கள். எனக்கு மரியாதைதான் வருகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கரிசல்காட்டான்:
மரியாதை வையுங்கள் நண்பரே, யார் தடுத்தது? ஆனால் அவர் 1808இல் தொடங்கிய அமெரிக்கன் ஃபர் கம்பெனி தோலை எப்படி வாங்கியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேட்டைக்குக் கிளம்பும் பூர்வகுடிக்குப் போர்வை, துப்பாக்கி, வெடிமருந்து, கண்ணி எல்லாம் கடனாகக் கொடுப்பார்கள். அதற்கு விலை வைப்பவர் வியாபாரி. குளிர் முடிந்து தோலோடு வந்தால் தோலுக்கு விலை வைப்பவரும் அவரேதான். கணக்கு முடியும்போது வேட்டைக்காரர் தலையில் பாக்கி நிற்கும். பிறகு அந்தக் குடிகள் உடன்படிக்கையில் நிலத்தை அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, வந்த பணத்திலிருந்து வியாபாரிகளின் பழைய பாக்கி கழிக்கப்பட்டது. தோலும் போனது, நிலமும் போனது. நடுவில் தண்ணீர் கலந்த விஸ்கி வேறு.

படித்துறை:
சாராயத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் கம்பெனிகள் ஊற்றிக்கொண்டிருந்தன. நாம் மட்டும் நிறுத்தினால் தோல் எல்லாம் அங்கே போய்விடும் என்பது கம்பெனியின் வாதம். ஆஸ்டர் கண்டுபிடித்த தந்திரம் அல்ல அது. அவர் கண்டுபிடித்தது வேறு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் கொலம்பியா ஆற்று முகத்தில் கோட்டை கட்டி, அங்கிருந்து தோலை நேராகச் சீனாவின் கான்டனுக்கு அனுப்பி, தேயிலையும் பட்டும் ஏற்றி நியூயார்க்குக்குத் திரும்புவது. 1811இல் இப்படி யோசித்தவர் எத்தனை பேர்? மனைவி சாரா டாட் 300 டாலர் சீதனத்தோடு வந்தவர். தோலின் தரம் பார்ப்பதில் கணவரைவிடக் கெட்டி. இரண்டு பேரும் உழைத்தார்கள்.

கரிசல்காட்டான்:
யோசனை பிரமாதம்தான். ஆஸ்டோரியா என்ற அந்தக் கோட்டையின் கதையையும் முடித்துவிடுங்கள். ஆஸ்டரின் டான்க்வின் கப்பல் வான்கூவர் தீவின் பக்கம் வியாபாரத்துக்குப் போய், பூர்வகுடிகளுடன் மோதலாகி, வெடித்துச் சிதறியது. 1813இல் பிரிட்டனோடு நடந்த போருக்கு நடுவே கோட்டையைக் கனடாக்காரர்களின் நார்த் வெஸ்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டு வந்தார்கள். செத்தவர்கள் கூலிக்குப் போனவர்கள். முதலாளி நியூயார்க்கில் இருந்தார்.

மழைக்காகிதம்:
1837 பெரியம்மையை ஏன் இருவருமே விட்டுவிட்டீர்கள்? கம்பெனியின் நீராவிப் படகு நோயையும் ஏற்றிக்கொண்டு மிசௌரி ஆற்றில் மேலே போனது, அங்கிருந்த மண்டான் பூர்வகுடி மக்கள் கிட்டத்தட்ட அழிந்தே போனார்கள். அந்தப் பாவம் ஆஸ்டரை விடுமா?

குறுக்குச்சால்:
இந்த ஒன்றில் மட்டும் நான் ஆஸ்டர் பக்கம். அவர் 1834இலேயே தொழிலை விற்றுவிட்டு ஒதுங்கிவிட்டார். ஐரோப்பாவில் பட்டுத் தொப்பி வரத் தொடங்கியதும், பீவர் தொப்பிக்கு இனி வாழ்வில்லை என்று மோப்பம் பிடித்துவிட்டார் மனிதர். 1837இல் மேற்குப் பகுதி வியாபாரம் பிராட்–சூட்டோ கம்பெனியிடம் இருந்தது. ஊர் வாயில் பழைய பெயரே நின்றதால் வந்த குழப்பம் இது. திட்டுவதாக இருந்தாலும் வருடம் பார்த்துத் திட்டுவோமே.

மழைக்காகிதம்:
சரி, திருத்திக்கொள்கிறேன். அபினியாவது அவருடையதுதானே? 1816இல் துருக்கி அபினி 10 டன் வாங்கிக் கான்டனுக்கு அனுப்பினாரே.

குறுக்குச்சால்:
அது அவருடையதேதான். அதில் மறுபேச்சே இல்லை.

கரிசல்காட்டான்:
நான் சொல்ல வந்ததே இனிமேல்தான். "தனியாக உழைத்து வந்தவர்" என்று அவரைத் தூக்கிப் பிடிக்கிறார்களே, அது எனக்கு ஒப்பவில்லை. 1796இலிருந்து அமெரிக்க அரசே பூர்வகுடிகளுக்காக வணிக நிலையங்கள் நடத்தியது. அங்கே சாராயம் கிடையாது, விலையும் ஓரளவு நியாயம். அது ஆஸ்டருக்குத் தொல்லை. அவற்றை மூடவைக்கக் கம்பெனியின் ஆள் ராம்சே க்ரூக்ஸ் வாஷிங்டனில் காய் நகர்த்தினார். கம்பெனிக்கு வக்கீலாகவும் இருந்த செனட்டர் தாமஸ் ஹார்ட் பென்டன் சபையில் முழங்கினார். 1822இல் அந்த நிலையங்களை மூடிவிட்டார்கள். போட்டிக்காரனைச் சட்டம் போட்டு ஒழித்துவிட்டு அதைத் திறமை என்றால் எப்படி?

இன்னொன்று, இது சிரிப்புக் கதை. 1808இல் அதிபர் ஜெபர்சன் கப்பல் தடை போட்டிருந்தார், ஒரு கப்பலும் வெளிநாடு போக முடியாது. அப்போது பங்க்வா விங்சாங் என்ற "சீனப் பெரிய மனிதர்" தாத்தாவின் ஈமச்சடங்குக்கு ஊருக்குப் போகவேண்டும் என்று மனுப் போட்டார். ஜெபர்சன் இரக்கப்பட்டு அனுமதி கொடுத்தார். அவர் ஏறிப்போனது ஆஸ்டரின் 'பீவர்' கப்பலில். அவர் பெரிய மனிதரே இல்லை, ஆஸ்டர் ஏற்பாடு செய்த ஆள் என்று மற்ற வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். கப்பல் சரக்கோடு திரும்பி வந்தபோது போட்டிக்கு வேறு கப்பலே இல்லை.

படித்துறை:
இந்தக் கதைக்கு நானும் சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மறக்கிறீர்கள். சொத்தில் பெரும்பங்கு தோலில் வந்ததே அல்ல, மன்ஹாட்டன் மண்ணில் வந்தது. நகரம் வடக்கே வளரும் என்று கணித்து வயலும் தோட்டமுமாகக் கிடந்ததை வாங்கிப் போட்டார். அதில் யாரை ஏமாற்றினார்?

குறுக்குச்சால்:
ஏமாற்று என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் உழைப்பு என்றும் சொல்லமாட்டேன். பெரும்பாலும் நிலத்தை விற்காமல் நீண்ட குத்தகைக்கு விட்டார், 21 வருடம் வரைக்கும். வீடு கட்டும் செலவு குத்தகைக்காரருடையது. ஊர் வளர்ந்து மதிப்பு ஏறினால் லாபம் ஆஸ்டர் குடும்பத்துக்கு. சாலை போட்டதும் கடை வைத்ததும் வாடகை கட்டியதும் மற்றவர்கள்.

படித்துறை:
அந்தப் பணத்தில் 4 லட்சம் டாலரை நூலகத்துக்கு எழுதிவைத்தாரே! நியூயார்க் பொது நூலகத்தின் மூலங்களில் ஒன்று அது. பிறந்த ஊர் வால்டார்ஃபின் ஏழைகளுக்கும் 50,000 டாலர் வைத்தார்.

மழைக்காகிதம்:
2 கோடியில் 4 லட்சம் என்றால் நூற்றுக்கு இரண்டு.

கரிசல்காட்டான்:
அதுவும் வீட்டுக்குப் புத்தகம் தராத நூலகம். பகலில்தான் திறந்திருக்கும். பகலெல்லாம் வேலை செய்கிறவன் எப்போது போய்ப் படிப்பான்? 1895இல் லெனாக்ஸ் நூலகத்தோடும் டில்டன் அறக்கட்டளையோடும் சேர்ந்த பிறகுதான் அது உண்மையில் ஊருக்கு வந்தது.

படித்துறை:
நூற்றுக்கு இரண்டுதான், சரி. அன்றைக்கு மற்ற பணக்காரர்கள் எத்தனை கொடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு வந்து பேசுங்கள். அதுவரை நான் நகரமாட்டேன்.

கரிசல்காட்டான்:
ஸ்டீபன் ஜிரார்ட். 1813இல் அரசுக்குக் கடன் கொடுக்கும்போது ஆஸ்டரோடு கைகோத்த அதே ஆள்தான். 1831இல் செத்தபோது சொத்தில் பெரும்பகுதியை பிலடெல்பியா நகரத்துக்கும் அநாதைப் பையன்களின் பள்ளிக்கும் எழுதிவைத்தார். அதிலும் வெள்ளைக்காரப் பையன்களுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டார். அவரைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், அங்கேயும் வந்து சண்டை போடுகிறேன்.