பகல் 12.30-க்கே வீட்டுக்கு அனுப்பப்படும் மாற்றுத்திறன் பிள்ளை: முழு நாள் பள்ளிக்கு என்ன வழி?

கேள்வி: கோத்தகிரி_மாமா

அக்கா மகனுக்காகக் கேட்கிறேன். வயது 8, மூன்றாம் வகுப்பு, ஆட்டிசம். ஓரிரு சொல் பேசுவான். கோத்தகிரிப் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் படிக்கிறான். ஜூனிலிருந்தே தினமும் 12.30-க்கு வந்து அழைத்துப் போகச் சொல்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் கத்துகிறான், மேசையைத் தள்ளுகிறான் என்பது காரணம். எல்லாம் போனில்தான், எழுத்தில் ஒன்றும் இல்லை. அக்கா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். பாதியில் கிளம்பினால் கூலி போகிறது. இப்போது "எங்கள் விருப்பத்தின் பேரில் முன்கூட்டி அழைத்துச் செல்கிறோம்" என்று கடிதம் கேட்கிறார்கள். இல்லையென்றால் டி.சி. வாங்குங்கள், அல்லது வீட்டுவழிக் கல்விக்கு மாறுங்கள் என்று பேச்சு. கடிதம் தரலாமா? அவன் முழு நாளும் அங்கே இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: கூடலூர்_மேலாண்மைக்குழு

கடிதம் தர வேண்டாம் தம்பி. அந்த ஒரு தாள் பள்ளியின் முடிவைப் பெற்றோரின் முடிவாக மாற்றிவிடும். பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.

டி.சி. பயம் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16-இன்படி தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்க முடியாது. வீட்டுவழிக் கல்வி என்பது பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள பிள்ளை தானாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய உரிமை. 2012 திருத்தத்தில் வந்தது. பள்ளி அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் பிரிவு 16, அரசு நிதி பெறும் பள்ளிக்கும் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் சேர்த்தே பேசுகிறது: பாகுபாடின்றிச் சேர்க்கை, பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி, தனிப்பட்ட உதவி, கற்றலில் முன்னேற்றத்தைக் கண்காணித்தல்.

ஒரு கணக்கும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 1 முதல் 5 வகுப்புக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம். 9.30 முதல் 12.30 வரை என்றால், இடைவேளையைக் கழிக்காமலே 600 மணிதான். அட்டவணை பள்ளிக்கான அளவுகோல்தான். ஆனாலும் ஒரு பிள்ளைக்கு மட்டும் 200 மணி நேரம் குறைவது ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் கொடுக்க வேண்டிய கடிதம் வேறு. தலைமையாசிரியருக்கு ஒரு பக்கம், நான்கே கேள்விகள்: எந்தத் தேதியிலிருந்து, யார் முடிவில் நேரம் குறைக்கப்பட்டது? காரணமான நிகழ்வுகளின் பதிவு எங்கே? அதைச் சரிசெய்ய இதுவரை என்ன உதவி தரப்பட்டது? முழு நேரத்துக்குத் திரும்பும் தேதி எது? இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியுடன் "பெறப்பட்டது" முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்). நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் போகட்டும். கோபம், பழைய சண்டை, ஆசிரியர் பெயர் எதுவும் அதில் வேண்டாம். அவை இருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும், நேரம் குறைத்த விஷயம் பின்னால் போய்விடும்.

பதில் வராவிட்டால் திங்கட்கிழமை உதகை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். அதே கடிதத்தின் நகலை இணைத்து மனு. பள்ளிக்கல்வி உதவி எண் 14417. இவற்றுக்கும் மேலே சென்னையில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார்.

பதில்: சிறப்புப்_பயிற்றுநர்_குன்னூர்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் கடிதம் வென்று, பிள்ளை 12.45-க்கு மறுபடி கத்தினால் அடுத்த வாரமே போன் வரும். அதனால் வகுப்பறைக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும் சார்.

கத்தினால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த இடம் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தால், கத்துவதுதான் வெளியே போகும் கதவு என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவனிடம் வேறு சொல் இல்லை. முன்கூட்டி அனுப்ப அனுப்ப, கத்தும் நேரமும் முன்னே நகரும். 12.30 என்பது 11.30 ஆகும். பல பள்ளிகள் இதைப் "பிள்ளை மோசமாகிறான்" என்று படிக்கின்றன. மோசமாக்குவது அந்த ஏற்பாடு.

முதலில் பத்துப் பள்ளி நாள்களுக்கு ஒரு பதிவு. நோட்டில் நான்கு கட்டம்: மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பெரியவர்கள் என்ன செய்தார்கள். "சும்மா கத்தினான்" என்று எழுதக் கூடாது. "மணி அடித்தது, எல்லாரும் தட்டோடு ஓடினார்கள், காதைப் பொத்தினான், கத்தினான்" என்று எழுத வேண்டும். இப்படி எழுதினாலே பாதி விடை தெரியும். நம் மலையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கூரையை. சத்துணவுக் கூடத்துக்குத் தகரக் கூரை இருந்து மழையும் பிடித்துக்கொண்டால், அந்த இரைச்சலும் தட்டுச் சத்தமும் ஒலி தாங்காத பிள்ளைக்கு வலியாகவே இருக்கும். மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே, கான்கிரீட் கூரை உள்ள அறையில், ஒரு தோழனோடு சாப்பிட வைத்துப் பாருங்கள். காதுறை ஒன்றும் பையில் இருக்கட்டும்.

அடுத்து பட அட்டவணை. அன்றைய வேலைக்கு ஆறு படம் போதும், கடைசிப் படம் வீடு. வெல்க்ரோவில் ஒட்டி, முடிந்த படத்தை அவனே எடுத்து உறையில் போட வேண்டும். "இடைவேளை வேண்டும்" என்று ஓர் அட்டை தனியாக இருக்கட்டும். அதைக் காட்டினால் உடனே ஐந்து நிமிடம் வெளியே விட வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறைகூட மறுக்கக் கூடாது. கத்துவதைவிட அட்டை வேகமாக வேலை செய்தால்தான் அட்டையைப் பிடிப்பான்.

பிறகு நேரத்தை நீட்டலாம். முதல் வாரம் 1.00 மணி, சாப்பாடு முடித்து வீடு. ஐந்தில் நான்கு நாள் நன்றாகப் போனால் 1.30, பிறகு 2.15, பிறகு 3.00, பிறகு கடைசி மணி. சரியாகப் போகாத வாரத்தில் பின்வாங்காமல் அதே நேரத்தில் நிறுத்துங்கள். கிளம்பும் நேரத்தில் அவன் கத்திக்கொண்டிருந்தால், சில நிமிடம் அடங்கவிட்டு, அட்டையைக் காட்டவைத்துக் கிளம்புங்கள். இந்தத் தேதிகள் ஒரு தாளில் இருந்து, தலைமையாசிரியரும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். நேரக் குறைப்பில் ஏற்கத்தக்கது இது ஒன்றுதான்: முடியும் தேதி உள்ளது.

உங்கள் வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள். பள்ளிக்கு வந்து இந்தப் பதிவைப் பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

பதில்: இயன்முறை_உதகை

"முடியும் தேதி" என்பதோடு ஒன்று சேர்க்கிறேன். சில பிள்ளைகளுக்குக் குறைந்த நேரம் மருத்துவக் காரணத்தால் உண்மையிலேயே தேவைப்படும்: அறுவை சிகிச்சைக்குப் பின், அல்லது வலிப்பு மருந்தின் அளவு கூட்டியபோது வரும் தூக்கக் கலக்கம். அப்போதும் எத்தனை மணி நேரம், எந்தத் தேதிவரை என்று மருத்துவர் எழுத வேண்டும். "ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதிய சீட்டு ஆண்டு முழுக்கப் பயன்படுத்தப்படும்.

இந்தக் கேள்வியில் இல்லாவிட்டாலும், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப அதிகம் சொல்லப்படும் காரணம் கழிவறை. குளிரில் சிறுநீர் அடிக்கடி வரும். மேலே இரண்டு ஸ்வெட்டர், கீழே நாடா கட்டிய பேண்ட், அவிழ்ப்பதற்குள் நனைந்துவிடும். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேண்ட், பையில் இரண்டு மாற்று உடை, ஒன்றரை மணிக்கொரு முறை அழைத்துப் போவது. இவ்வளவில் தீரும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குக் குளிரில் தசை இறுக்கம் கூடும். சன்னல் ஓரத்திலோ சிமெண்டுத் தரையிலோ உட்காரவைக்காதீர்கள். வகுப்பு படிக்கட்டு ஏறிப் போகும் அறையில் இருந்தால், வகுப்பையே கீழ் அறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கோத்தகிரி_மாமா:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். அழைத்துப் போகும்போது வாயிலில் ஒரு பதிவேட்டில் அக்கா கையெழுத்துப் போடுகிறார். காரணம் என்ற கட்டத்தில் "சொந்த வேலை" என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கூடலூர்_மேலாண்மைக்குழு

அந்தக் கட்டத்தை அக்கா தன் கையாலேயே நிரப்பட்டும்: "பள்ளி போனில் அழைத்ததால், மணி 12.10". எழுதிவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும், போனில் அழைப்பு வந்த பதிவையும் அழிக்க வேண்டாம். முன்பே எழுதியிருந்தால் அடிக்காமல், பக்கத்தில் இதை எழுதிக் கையெழுத்திடலாம்.

மதிய வருகைப் பதிவையும் பாருங்கள். வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைக்கு மதியமும் "வந்தான்" என்று போட்டிருந்தால், தாளில் அவனுக்குக் குறையே இருக்காது. ஜூனிலிருந்து அவனுடைய காலை, மதிய வருகையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். மனு பள்ளியின் பொதுத் தகவல் அலுவலருக்கு. அந்த நகல் வரும்வரை காத்திருக்காமல், தலைமையாசிரியருக்கான கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.