காலையில் கண் திறந்ததும் குத்தும் வலி: கார்னியா (கருவிழியின் முன்படலம்) மேல்தோல் திரும்பத் திரும்ப உரிகிறது, என்ன செய்யலாம்?

பின்னிரவு:
வலது கண்ணில் குழந்தையின் நகம் கீறி 5 மாதம் ஆகிறது. கீறல் 3 நாளில் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு 4 தடவை, விடியற்காலையில் கண்ணைத் திறந்ததும் ஊசி குத்தியது போல வலி. தண்ணீராகக் கொட்டுகிறது, மதியத்துக்குள் அடங்கிவிடுகிறது. ரெக்கரண்ட் கார்னியல் எரோஷன் என்று சொல்லி, 5% சோடியம் குளோரைடு சொட்டும் இரவுக்கு ஆயின்ட்மென்ட்டும் கொடுத்திருக்கிறார்கள். வலி இல்லாத நாளிலும் போட வேண்டுமா? எத்தனை நாளைக்கு? சொட்டு விட்டால் எரிகிறதே, அது சரிதானா?

சொட்டுமருந்து:
வலி இல்லாத நாளில்தான் முக்கியமாகப் போட வேண்டும். கார்னியாவின் மேல்தோல் ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும். ஆனால் அதை அடிப்படலத்தோடு இறுக்கிப் பிடிக்கும் பிணைப்புகள் உருவாக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். சுவரில் பெயின்ட் காய்ந்துவிட்டது, உள்ளே பூச்சு இன்னும் பிடிக்கவில்லை என்கிற நிலை. தூங்கும்போது கண்ணீர் சுரப்பு குறையும், மேல்தோல் லேசாக ஊறி உப்பும், இமையின் உள்பக்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். சட்டென்று திறந்தால் இமையோடு சேர்ந்து உரிந்து வரும்.

உப்புச் சொட்டு அந்த நீரை இழுப்பதற்குத்தான். பகலில் 4 வேளை என்பது வழக்கமான அளவு. சில நிமிடம் எரிவது இயல்பு. படுக்கும் முன் கீழிமையை இழுத்து, அரிசி மணி நீளத்துக்கு ஆயின்ட்மென்ட். ட்யூப் முனை கண்ணில் படக் கூடாது. சொட்டு முதலில், 10 நிமிடம் கழித்து ஆயின்ட்மென்ட். மாற்றிப் போட்டால் பிசுக்கின் மேல் சொட்டு நிற்காமல் வழிந்துவிடும். கடைசியாக வலி வந்த நாளிலிருந்து குறைந்தது 3 மாதம் இரவு ஆயின்ட்மென்ட்டை விடாதீர்கள். பலரும் 2 வாரத்தில் நிறுத்திவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்கிறார்கள்.

உப்பு ஆயின்ட்மென்ட் வெறும் பாரஃபின் ஆயின்ட்மென்ட்டைவிட மேல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எரிச்சல் தாங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

மெல்லத்திற:
காலையில் செய்ய வேண்டியது: விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்காதீர்கள், கசக்கவே கூடாது. கெடாமலிருக்கும் ரசாயனம் (preservative) சேர்க்காத செயற்கைக் கண்ணீர்க் குப்பியைத் தலையணை அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூடிய கண்ணின் மூக்கோரத்தில் 2 சொட்டு விட்டு, இமைக்குள்ளேயே விழியை மெல்ல இடமும் வலமும் நகர்த்துங்கள். ஒரு நிமிடம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். நடுராத்திரி பாத்ரூம் போக எழும்போதும் இதேதான். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

இன்னொன்று, தூங்கும்போது கண் முழுதாக மூடுகிறதா என்று வீட்டில் ஒருவரை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை தெரிந்தால் அதுவும் காரணமாகலாம். ஃபேனுக்கு நேர் கீழே படுக்காதீர்கள், ஏசி காற்று முகத்தில் அடிக்கக் கூடாது. சளிக்கு செட்டிரிசின் போட்ட இரவில் கண் கூடுதலாக உலரும்.

இமை விளிம்பில் பொடுகு, பிசுக்கு இருந்தால் வலி இல்லாத நாட்களில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் 5–10 நிமிடம், பிறகு விளிம்பைத் துடைப்பது. எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக் கிடந்தால் எத்தனை ஆயின்ட்மென்ட் போட்டாலும் பாதிப் பலன்தான்.

பின்னிரவு:
நன்றி. மறுபடி வலி வந்தால் அன்றைக்கு என்ன செய்வது? ஆஸ்பத்திரியில் விட்ட மரப்புச் சொட்டு உடனே கேட்டது. அதை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

சொட்டுமருந்து:
கூடவே கூடாது. அந்த மரப்புச் சொட்டு (ப்ரோபாரகெய்ன்) ஆஸ்பத்திரியில் பயன்படுத்த மட்டும். வீட்டில் திரும்பத் திரும்ப விட்டால் காயம் ஆறாது, கார்னியாவே கரைந்துபோகலாம். மீதியிருக்கும் பழைய ஸ்டீராய்டு சொட்டும் வேண்டாம். உள்ளே ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ இருந்தால் அது எரிகிற நெருப்பில் எண்ணெய். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, எதுவும் வேண்டாம். தோல் உரிந்த கண் கிருமிக்குத் திறந்த கதவு.

கண்ணை மூடி வையுங்கள், வாய்வழி பாராசிட்டமால் போதும், வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. அன்று காலையிலேயே போய்க் காட்டுங்கள். மதியத்துக்குள் காயம் மூடிவிட்டால் சாயம் விட்டுப் பார்த்தாலும் இடம் தெளிவாகத் தெரியாமல் போகலாம். கார்னியாவில் வெள்ளைப் புள்ளி, சீழ், பார்வை மங்கல், 24 மணி நேரம் தாண்டிய வலி என்றால் இரவானாலும் கிளம்புங்கள்.

ஸ்லிட்லேம்ப்:
ஒழுங்காகப் போட்டும் 3 மாதத்தில் நிற்காவிட்டால் அடுத்த படிகள் உண்டு. டாக்ஸிசைக்ளின் 50 மி.கி. தினம் 2 வேளை, சில வாரங்கள்: இது கிருமிக்காக அல்ல, பிணைப்பை அரிக்கும் நொதியை அடக்குவதற்கு. நிறைய தண்ணீரோடு விழுங்கி அரைமணி படுக்காமல் இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்கக் கூடாது, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இல்லையென்றால் காயத்தை மூடிக் காக்கும் பேண்டேஜ் கான்டாக்ட் லென்ஸ், டாக்டர் கண்காணிப்பில் மாற்றி மாற்றிச் சில வாரங்கள்.

அதற்கும் மசியாவிட்டால், பார்வை மையத்துக்கு வெளியே உள்ள இடத்தில் ஊசியால் நுண்துளைகள் போடுவார்கள். மையத்தில் போட்டால் தழும்பு பார்வையைக் கெடுக்கும். அங்கே தளர்ந்த தோலை நீக்கி வைரத்தூள் பதித்த சுழல்முனை (பர்) கொண்டு மெருகேற்றுவது, அல்லது எக்ஸைமர் லேசர். இன்னொரு கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் வரைபடக் கோடு, புள்ளி போல் தெரிந்தால் நகக் கீறல் ஒரு சாக்குதான், அடிப்படலமே பலவீனம். அப்படியானால் இரவு ஆயின்ட்மென்ட்டை 3 மாதத்தோடு நிறுத்த முடியாது.